முதியோர் வறுமையும் அரசின் ஓய்வூதியமும்

ஆண்டுகள் பலவாகியும் தலை நரைக்காதது எங்ஙனம் என்று பிசிராந்தையாரை வினவினார்களாம். அதற்கு அவர் தந்த விடை புறநானூற்றின் 191ஆம் பாடலாக நமக்குக் கிடைத்துள்ளது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து ஒழுகும் ஏவலர், ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் என்று காரணங்களைக் கூறும் புலவர், அவற்றினிடையே முறை தவறாது காக்கும் அரசனையும் சேர்த்தே கூறுகிறார். வகுப்பறையில் இப்பாடலுக்கு உரை சொல்லும் நாம் குடும்பத்தையும் சான்றோரையும் விரித்துரைப்போம். அரசனை ஒரு தொடரில் கடந்துவிடுவோம். முதுமை கவலையின்றிக் கழிவதற்கு ஆட்சியும் ஒரு காரணம் என்ற அக்கருத்து, இன்று புதிதாக எண்ணிப் பார்க்கத்தக்கது. தமிழ்நாட்டில் ஏழை முதியோர்க்கு அரசு வழங்கும் மாதத்தொகை அவர்தம் வாழ்வுக்குப் போதுமா என்ற வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர், மக்கள்தொகையில் 8.6 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் இவ்விகிதம் 10.4. கேரளத்தில் 12.6. பிறப்பு விகிதம் குறைந்து ஆயுள் நீண்ட மாநிலங்கள் நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்னரே முதுமையடைகின்றன. இம்முதியோருள் அரசுப் பணியிலோ பெரிய ஆலைகளிலோ இருந்து ஓய்வு பெற்றோர் சிறு பகுதியினரே. வயலில் களையெடுத்தவர், சித்தாளாகச் செங்கல் சுமந்தவர், பீடி சுற்றியவர், தறியில் அமர்ந்தவர், கடலுக்குச் சென்றவர் என்போரே பெரும்பான்மையினர். இவர்களுக்குப் பணி ஓய்வு என்று ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. உடல் மறுக்கும் நாளே ஓய்வு நாள்.

அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு, அரசு தன் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் முதுமை, நோய், வேலையின்மை ஆகிய நிலைகளில் மக்களுக்குப் பொது உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. இது வழிகாட்டு நெறியே. நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் அடிப்படை உரிமையன்று. ‘ஆற்றலின் எல்லைக்குள்’ என்ற அடைமொழிதான் பின்னர் வந்த எல்லாச் சிக்கல்களுக்கும் வித்து என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லையை அளப்பவரும் அரசே, எட்டவில்லை என்று சொல்பவரும் அரசே.

எனினும் நம் மாநிலம் இத்துறையில் முந்திக்கொண்டது என்பதை மறுத்தல் ஆகாது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1962 ஏப்ரல் திங்களில், முதியோர் ஓய்வூதியத் திட்டம் இங்குத் தொடங்கப்பட்டது. 1975இல் ஆதரவற்ற கைம்பெண்களுக்கும், 1981இல் உழவுத் தொழிலாளர்க்கும், 1986இல் கணவனால் கைவிடப்பட்ட மகளிர்க்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. நடுவணரசு இத்துறைக்கு வந்தது 1995 ஆகஸ்டு 15இல்தான். அன்று தொடங்கிய தேசியச் சமூக உதவித் திட்டத்தின் கீழ் அறுபத்தைந்து வயது கடந்த ஆதரவற்றோர்க்கு மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. தமிழக அரசின் நிதித்துறைச் செயலராகவும் பின்னர்ச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியராகவும் விளங்கிய எஸ். குகன், ஏழை நாடும் தாங்கக்கூடிய சமூகப் பாதுகாப்பைக் குறித்து அதற்கு முன்பே விரிவாக எழுதியிருந்தார். பொருளியல் பயிலும் மாணவர் அவர் கட்டுரைகளைத் தேடிப் படித்தல் நன்று.

சொல்லும் பொருளும்

தமிழ்த்துறை மலரில் எழுதுவதால் சொற்களைச் சற்று நின்று நோக்கலாம். அரசுக் கோப்புகளில் இத்தொகை ‘முதியோர் ஓய்வூதியம்’ எனப்படுகிறது. பேச்சிலும் செய்தித்தாள்களிலும் ‘முதியோர் உதவித்தொகை’ என்ற வழக்கே மிகுதி. வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நிற்கும் மூதாட்டியர் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்கின்றனர். ஒரே தொகைக்கு வழங்கும் இம்மூன்று பெயர்களும் ஒரே பொருளை உணர்த்துவன அல்ல. ஊதியம் என்பது உழைப்புக்கு ஈடாக வருவது. அதைப் பெறுவோர் தலைநிமிர்ந்து பெறுவர். உதவி என்பது கொடுப்போரின் மனத்தைப் பொறுத்தது. அதன் அளவையும் காலத்தையும் கேட்கும் உரிமை பெறுவோர்க்கு இல்லை. ‘ஓ.ஏ.பி.’ என்பதோ பொருள் தெரியாத மூன்று எழுத்துகள். வங்கியில் வந்தால் வந்தது, வராவிட்டால் யாரைக் கேட்பது என்றும் தெரியாது.

இவற்றினும் வலிய சொல் ஒன்று விண்ணப்பத்தில் இருக்கிறது. அது ‘ஆதரவற்றவர்’ என்பது. இத்தொகை முதுமைக்காக மட்டும் தரப்படுவதில்லை. முதுமையும் ஆதரவின்மையும் சேர்ந்திருந்தால் தரப்படுவது. ஆகவே விண்ணப்பிக்கும் தாய், கிராம நிர்வாக அலுவலர் முன்னும் வருவாய் ஆய்வாளர் முன்னும் தன் மகன் தன்னைக் காப்பதில்லை என்பதை மெய்ப்பிக்க வேண்டியவளாகிறாள். விசாரணைக்கு வருவோர் அக்கம்பக்கத்தாரையும் கேட்பர். மகன் உண்மையிலேயே கைவிட்டவனாயின், அதை ஊரறியச் சொல்ல அவள் நா எழுவதில்லை. பெற்ற பிள்ளையைத் தூற்றிப் பெறும் பணம் வேண்டாமென்று திரும்பிவிடும் தாய்மார் எந்த ஊரிலும் உண்டு. மகன் நல்லவனாகவும் நாட்கூலியாகவும் இருந்து, தன் பிள்ளைகளுக்கே பற்றாத நிலையில் தாய்க்கு ஒரு வேளைச் சோறிடுகிறான் எனில், அவள் ஆதரவுள்ளவளா, அற்றவளா? படிவத்தில் இதற்கு விடை எழுத இடமில்லை. வறுமை ஒரு வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பங்கிடப்படுகிறது என்பதை இந்த நிபந்தனை காண மறுக்கிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் நிறைவேறியது. பிள்ளைகள்மீது தீர்ப்பாயத்தில் முறையிட்டு மாதம் 10,000 ரூபாய் வரை பெற அது வழிசெய்தது. சொத்துள்ள குடும்பங்களில் இச்சட்டம் பயன்படலாம். நாட்கூலியான மகனிடமிருந்து எத்தீர்ப்பாயம் எதைப் பெற்றுத் தரும்?

வயதை மெய்ப்பிப்பதும் எளிதன்று. இன்றைய எழுபது வயதினருள் பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன ஆண்டில் எனக்குத் திருமணம் என்று சொல்லும் மூதாட்டி, 1964 டிசம்பரைத் துல்லியமாகவே குறிக்கிறாள். ஆனால் அடையாள அட்டை எடுத்த நாளில் முகத்தைப் பார்த்து யாரோ குறித்த ‘சனவரி 1’தான் செல்லும். அதில் ஐந்தாண்டு குறைந்திருந்தால், ஓய்வூதியமும் ஐந்தாண்டு தள்ளிப்போகும்.

தொகையின் அளவு

இனிப் போதுமை பற்றிய வினாவுக்கு வருவோம். மாநில அரசு 2011இல் மாதத்தொகையை 1,000 ரூபாயாக உயர்த்தியது. அது பெரும் உயர்வே. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அத்தொகை அசையவில்லை. 2023இல் 1,200 ஆயிற்று. இதற்கிடையில் விலைவாசி என்ன ஆயிற்று? தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை நோக்கினால், 2011க்கும் 2023க்கும் இடையில் விலைகள் ஏறத்தாழ இரு மடங்காயின. பழைய 1,000 ரூபாயின் வாங்கும் ஆற்றலைக் காப்பதற்கு மட்டுமே 2,000 ரூபாய் வேண்டியிருந்தது. ஆகவே 2023இல் கூட்டப்பட்ட தொகை உண்மையில் 2011இன் தொகையைவிடக் குறைவானது. மேடையில் உயர்வு என்று அறிவிக்கப்பட்டது, கடையில் தாழ்வாக இருந்தது.

நடுவணரசின் பங்கோ இதனினும் வியப்புக்குரியது. 2007இல் இந்திரா காந்தி பெயரால் அத்திட்டம் விரிவாக்கப்பட்டபோது அதன் பங்கு மாதம் 200 ரூபாயாக இருந்தது. 2011இல் தகுதி வயது அறுபதாகக் குறைக்கப்பட்டது. எண்பது கடந்தோர்க்கு 500 ரூபாய் என்றும் ஆயிற்று. எண்பதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு அதே 200தான். நாளொன்றுக்கு ஏழு ரூபாயும் இல்லை. பயனாளிகளின் எண்ணிக்கைக்கும் நாடு முழுமைக்கும் ஏறத்தாழ 2.21 கோடி என்று ஒரு வரம்பு கட்டப்பட்டது. தொகையை உயர்த்துமாறு நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு பன்முறை பரிந்துரைத்தும் பயனில்லை. 2011இல் தமிழக முதியவர் பெற்ற ஆயிரத்தில் ஐந்திலொரு பங்கு தில்லியிலிருந்து வந்தது. 2023இல் ஆறிலொரு பங்கு. நடுவணரசின் வரம்புக்குள் வராதவர்க்கு முழுச்சுமையும் மாநிலத்தினுடையதே.

1,200 ரூபாய் என்பது நாளுக்கு 40 ரூபாய். 2023–24இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி 294 ரூபாயாக இருந்தது. ஆக, ஒரு மாத ஓய்வூதியம் நான்கு நாள் கூலிக்குச் சமம். பாபா ஆடவ், அருணா ராய் முதலியோர் முன்னின்று 2012இல் உருவாக்கிய பென்சன் பரிஷத் என்னும் இயக்கம், குறைந்தபட்சக் கூலியில் பாதியாவது முதியோர்க்கு வேண்டும் என்று கேட்டது. நூறுநாள் வேலைக் கூலியையே அளவாகக் கொண்டு, மாதம் 26 நாள் என்று கணக்கிட்டால், பாதி 3,822 ரூபாய் ஆகும். நாம் கொடுத்தது அதில் மூன்றிலொரு பங்கும் இல்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அரிசி நியாயவிலைக் கடையில் விலையின்றிக் கிடைக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை உண்டு. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. இவற்றையும் சேர்த்தன்றோ எடைபோட வேண்டும்? இம்மறுப்பு நேர்மையானதே. பிற மாநில முதியவரைவிடத் தமிழக முதியவர் பட்டினிக்கு அஞ்சுவது குறைவு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அரிசி மட்டும் உணவாகாது. பருப்பும் எண்ணெயும் பாலும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். பல் போனவர் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளவும் ஏதேனும் வேண்டும். கண்ணாடி, ஊன்றுகோல், வாடகை, படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று விரியும் செலவுகளுக்கு நியாயவிலைக் கடை ஏதுமில்லை. பேரப்பிள்ளை கைநீட்டும்போது கொடுக்க ஒரு பத்து ரூபாய் இருப்பதையும் நான் வாழ்க்கைச் செலவிலேயே சேர்ப்பேன். அந்தப் பத்து ரூபாய்தான் வீட்டில் அம்முதியவருக்கு ஓர் இடத்தைத் தருகிறது.

அண்டை மாநிலங்கள் என்ன செய்தன? ஆந்திரம் 2024 சூலையில் 4,000 ரூபாயாக உயர்த்தியது. கேரளம் 2021இல் 1,600 ரூபாயாகவும், 2025 இறுதியில் 2,000 ரூபாயாகவும் ஆக்கியது. ஆனால் கேரளத்தில் இடையில் பல மாதத் தொகை நிலுவையில் நின்றதையும் மறத்தலாகாது. தொகை பெரிதாக இருப்பதும் மாதந்தோறும் தவறாது வருவதும் இருவேறு அறங்கள்.

அத்தொகை கைக்கு வந்துசேரும் வழியையும் சிறிது பார்க்க வேண்டும். முன்பு பணவிடையாகத் தபால்காரர் கொண்டுவந்தார். கொடுக்கும்போது சில்லறை குறைவது பல ஊர்களில் எழுதாச் சட்டமாக இருந்தது. எனினும் பணம் வீடு தேடி வந்தது. பின்னர் வங்கிக் கணக்கும், ஊருக்கு வரும் வங்கி முகவரின் கைரேகைக் கருவியும் வந்தன. இடைத்தரகு குறைய இது உதவியது. ஆனால் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிய விரல்களில், பத்தமடையில் கோரை பின்னிய விரல்களில், ரேகை தேய்ந்துவிடுகிறது. கருவி ‘பொருந்தவில்லை’ என்கிறது. எந்த உழைப்புக்காக ஓய்வூதியம் வேண்டப்படுகிறதோ, அந்த உழைப்பே அதைப் பெறத் தடையாக நிற்கிறது. மறுமுறை வாருங்கள் என்று சொல்லி முகவர் அடுத்த ஊருக்குப் போகிறார்.

பணத்துக்கு எங்கே போவது என்பது இறுதி வினா. 2023இல் இத்தகைய ஓய்வூதியங்களைப் பெற்றோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர். ஆளுக்கு 1,200 எனில் ஆண்டுச் செலவு 4,320 கோடி. அதே ஆண்டு மாநில வரவு செலவுத் திட்டம் எதிர்பார்த்த வருவாய் ஏறத்தாழ 2.70 இலட்சம் கோடி. இச்செலவு அதில் 1.6 விழுக்காடு. 2,000 ரூபாயாக்க மேலும் 2,880 கோடி வேண்டும். இது சிறு தொகையன்று. மாநிலத்தின் கடன் சுமையும் மெய்யே. நடுவணரசு தன் 200 ரூபாயை 2007இன் மதிப்புக்கு நிகராக, அதாவது 600 ரூபாய்க்கு மேலாக, உயர்த்தினாலே இச்சுமையில் கணிசமான பகுதி இறங்கும்.

அரசு ஊழியர்க்கும் அரசு ஓய்வூதியர்க்கும் ஆண்டுக்கு இருமுறை, சனவரியிலும் சூலையிலும், விலைவாசிக்கேற்ப அகவிலைப்படி திருத்தப்படுகிறது. அது முறையே, கட்டுரையாசிரியனும் அம்முறையால் பயன்பெறுபவன். விலை ஏறுவது சம்பளக்காரர் வீட்டுக்கு மட்டுமன்று என்பதால், அதே குறியீட்டெண்ணை முதியோர் ஓய்வூதியத்துக்கும் பொருத்தலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. நிதித்துறையின் ஓர் அரசாணை போதும். அவ்வாணை 2011இலேயே பிறந்திருந்தால், 2023இல் ஒரு மூதாட்டியின் கணக்கில் மாதந்தோறும் 2,000 ரூபாய் வரவாகியிருக்கும். பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பும் இருந்திராது. 200 ரூபாய் உயர்வுக்கு ஓர் அமைச்சரவைக் கூட்டமும் வேண்டியிருந்திராது.