இறக்கத்தைப் பார்த்து பைக் வாங்கு

பசறை

அன்புள்ள மருமகனுக்கு,

பைக் வாங்க அம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். ஆறடி மூன்று அங்குல உயரம், 108 கிலோ எடை. இந்த உடம்புக்கு பல்சர் 220தான் சரி என்று உன் கூட்டாளிமார் சொல்கிறார்களாம். அவர்கள் ஏற்றத்தை மட்டும் பார்க்கிறார்கள். பதுளை சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பண்டாரவளை 1,200க்கு மேல், ஹப்புத்தளை 1,400க்கு மேல். ஏற்றத்தில் இழுவை போதாவிட்டால் கியரைக் குறைத்து மெதுவாகப் போகலாம். இறக்கத்தில் உன் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்து தள்ளும்போது பிரேக் போதாவிட்டால் என்ன செய்வாய்? உன் எடைக்கு நல்ல பிரேக்கைத் தேடு, உயரத்துக்கு இடம் உள்ள வண்டியைத் தேடு. சிசி கணக்கைப் பிறகு பார்ப்போம்.

முதலில் உட்கார்ந்து பார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பு. முழங்காலில் முட்டினால் அந்த வண்டி உனக்கு வேண்டாம். தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை முழுசாக ஒடிக்கவேண்டி வரும். அந்த இடத்தில் முட்டினால் விழுந்துதான் ஆகவேண்டும். ஸ்கூட்டர்களில் உன்னைப்போன்ற ஆளுக்கு இந்தக் கஷ்டம் அதிகம். அடுத்து, சப்பாத்தோடு கியர் லீவருக்கு அடியில் கால் நுழைகிறதா என்று பார். சரிவில் நிறுத்தினால் பள்ளப் பக்கம் தரை கீழே போய்விடும். குட்டைக் காலுக்கு அங்கே எட்டாது, உனக்கு எட்டும். பழகுகிறவனுக்கு அது பெரிய பலம்.

எடை விஷயத்தில் வண்டியோடு வரும் கையேட்டைப் படி. எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அதில் இருக்கும். இந்தியாவில் செய்யும் சின்ன பைக்குகள் பலவற்றில் அது 130 முதல் 150 கிலோவுக்குள்தான். அம்மாவைச் சந்தைக்குக் கூட்டிப்போவேன் என்கிறாய். நீங்கள் இரண்டு பேரும் ஏறினாலே கணக்கு நிரம்பிவிடும், மரக்கறிப் பையை எங்கே வைப்பது? தனியாக ஓட்டினாலும் பின் ஷொக் அப்சோபரின் ஸ்பிரிங்கை ஓரிரு படி இறுக்கச் சொல். டயர் காற்றையும் கையேட்டில் உள்ளபடி வை.

முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் கட்டாயம், ஏபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டு இஞ்சினையே பிடிமானமாக்கு. பிரேக்கை நீளமாக அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காது. பெற்றோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்களை நீயும் பார்த்திருப்பாய். அவர்களிடம் பழகாதே.

இனி எந்த வண்டி? காசு இருந்தால் எக்ஸ்பல்ஸ் 200 பார். இருக்கை சுமார் 825 மில்லிமீற்றர் உயரம், தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 220. காலை மடக்கி அவஸ்தைப்பட வேண்டாம், லயத்துக்குப் போகும் கல் ரோட்டுக்கும் தோது. 200 என்றாலும் முரட்டு இஞ்சின் இல்லை. காசு இல்லையென்றால் பழைய பல்சர் 150 அல்லது யமஹா எஃப்இசட். இருக்கை 785, 790 என்று கொஞ்சம் தாழ்வுதான். ஆனால் பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும். விழுந்து எழும்பிப் பழகுகிற வருஷத்தில் அது முக்கியம். பழைய ஜப்பான் 250 ட்ரெயில் பைக் உன் உயரத்துக்குப் பொருந்தும், ஆனால் பாகம் தேடியே மாசம் போய்விடும். அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்.

லைசனில் 100 சிசி வரைக்கும் ஏ1, அதற்கு மேல் ஏ என்று இரண்டு வகை உண்டு. யாருடைய 100 சிசியிலாவது ட்ரையல் கொடுத்து ஏ1ஐ வாங்கிவிட்டு, பிறகு 150 ஓட்டாதே.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் பழைய பைக்கின் விலையும் ஏறிப்போனது. 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்துவிட்டார்கள். அதனால் பழைய வண்டிக்குப் புது வண்டி விலை கேட்பவனிடம் பேரம் பேசு. வண்டியின் பதிவுச் சான்றிதழான சீஆரில் உள்ள பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒன்றா, லீசிங் பாக்கி இருக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்காதே. நீ லீசிங் போடுவதானால், கொழுந்து குறைந்த மாதச் சம்பளத்தில் கட்டக்கூடிய தவணைக்கு மட்டும் சம்மதி.

முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்டுக்கு முதலிலேயே காசு ஒதுக்கு. உன் தலைக்குப் பெரிய சைஸ் தேடவேண்டும். ஒக்டோபரில் மழை தொடங்குமுன் தோட்டத்து மைதானத்தில் பழகு. 2021இல் பஸ் பள்ளத்தில் விழுந்த லுணுகலை வீதி 13ஆம் கட்டைப் பக்கம், கை நன்றாகப் பழகும்வரை போகாதே. வண்டியைத் தெரிவு செய்ததும் சொல்லு. காசு கொடுக்குமுன் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா