எழும்பூர் மணலில் எழுதிய பாடம்



'பெரிய சட்டாம்பிள்ளை!' என்று நாம் ஒருவரை அழைத்தால் அதில் கேலியே மிகுதி. ஆனால் அந்தச் சட்டாம்பிள்ளையின் வேலை ஒரு காலத்தில் கடல் கடந்து சென்று, ஆங்கில நாட்டின் ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தது. அதற்கு வழியாய் அமைந்தது சென்னை எழும்பூரில் இருந்த ஒரு படைவீரர் பள்ளி. அதன் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் தாராவியில் உள்ள ஒரு சிறுமி. அவளைப் பற்றி இறுதியில் கூறுகிறேன்.

பள்ளி தோன்றிய வகை

1789-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார் ஆட்சியில், எழும்பூர்ச் சிறு கோட்டையில், படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்காக ஓர் அனாதைப் பள்ளி நிறுவப்பட்டது. அதில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகள். தந்தை போரிலோ நோயிலோ மாண்டிருப்பான். அல்லது கப்பலேறிப் போயிருப்பான். ஆங்கிலத் திருச்சபை முறைப்படி வழிபாடும் படிப்பும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன.

பள்ளியின் மேற்பார்வையை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-இல் பிறந்தவர். 1787-இல் சென்னைக்கு வந்து, பௌதிக நூலில் சோதனைகள் காட்டிச் சொற்பொழிவாற்றியவர். படைப் பிரிவுகள் பலவற்றுக்குக் குருவாக இருந்து நல்ல வருவாய் பெற்றார். ஆகவே, பள்ளி தர முன்வந்த சம்பளத்தை வேண்டாமென்றார்.

மணலும் சிறுவனும்

ஒருநாள் காலை குதிரைமீது உலவச் சென்ற பெல், ஒரு 'மலபார்' பள்ளியைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரை 'மலபார்கள்' என்றே வழங்கினர்; எனவே அது நம் திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். தாளும் இல்லை, மையும் இல்லை. தவறினால் கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம்.

பெல் தம் பள்ளிக்கு விரைந்து, கீழ் வகுப்புக்கு அவ்வாறே எழுத்துக் கற்பிக்குமாறு உபாத்தியாயரிடம் கூறினார். உபாத்தியாயரோ அது நடவாத காரியம் என்றார். பெல் சளைக்கவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவருக்கு இயலாததைச் சிறுவன் செய்து முடித்தான். பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது முறையாயிற்று. ஏறத்தாழ 200 பிள்ளைகள் அவ்வாறு பயின்றனர்.

ஒழுங்கைக் காப்பதிலும் பிள்ளைகளுக்கே பங்கு உண்டு. குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதியப்படும். வாரந்தோறும் அதைப் படித்து, குற்றவாளி யார், தண்டனை என்ன என்பதை மாணவர்களே கூடித் தீர்ப்பளிப்பர்.

கல்வியின் பயன்

இப்பிள்ளைகளின் எதிர்காலம் இருண்டே கிடந்தது. இந்தியத் தாயின் மக்கள் கும்பினியின் குடிமைப் பதவிகளுக்கும் படைப் பதவிகளுக்கும் ஆகார் என்று 1791-இல் ஆணை பிறந்தது. குழல் ஊதவும், முரசு அடிக்கவும், குதிரைக்கு லாடம் கட்டவும் வேண்டுமானால் படையில் இருக்கலாம் என்றது 1795-ஆம் ஆண்டின் ஆணை. தந்தை உயிரைக் கொடுத்த படையில் மகனுக்கு இடமில்லை!

அறிவியலே அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளியொன்றைத் தொடங்கியபோது, இந்த அனாதைப் பள்ளியிலிருந்து எடுக்கப்பட்ட எட்டுச் சிறுவர்களே முதல் மாணவர்கள். அந்த அளவைப் பள்ளியே வளர்ந்து, 1859-இல் பொறியியற் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்குப் பெயர்ந்து, 1978-இல் அண்ணா பல்கலைக் கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. 1802-இல் பரங்கிமலைக்கருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவையில் அவருக்கு வலக்கையாக விளங்கிய ஜோஷுவா டி பென்னிங்கும் இப்பள்ளியின் பிள்ளையே. பௌதிகம் பயிலும் எனக்கு இது பெருமிதம் தரும் செய்தி.

கடல் கடந்த முறை

1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே தம் சோதனையை நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதையொத்த முறையை நடத்தினார். 'முறை யாருடையது?' என்ற பூசல் எழுந்தது. ஆங்கிலத் திருச்சபையார் பெல்லின் பக்கம் நின்று 1811-இல் தேசியக் கழகத்தை அமைத்தனர். 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அக்கல்வி அங்கே பரவிற்று. அவர் பிறந்த ஊரில் இன்றும் ஒரு பள்ளிக்கு 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர்.

நம் மும்பைக்கும் இக்கதையில் இடமுண்டு. 1815-இல் பார்ன்ஸ் என்ற திருச்சபைத் தலைவர், ஏழை ஐரோப்பியப் பிள்ளைகளுக்காகப் பம்பாய்க் கல்விச் சங்கத்தை நிறுவினார். இந்தியச் சிறுவர்களுக்காக 1820-இல் அதிலிருந்து கிளைத்த முயற்சியே பின்னர் எல்பின்ஸ்டன் கல்வி நிலையமாக மலர்ந்தது.

பெல் மணலுக்கு மட்டுமே நம் பள்ளிக்குக் கடன்பட்டதாகச் சொன்னார். மாணவன் மாணவனுக்குக் கற்பிப்பது தம் கண்டுபிடிப்பே என்றார். இதை அப்படியே ஏற்கலாமா? 1623-இல் கன்னட நாட்டில் பயணம் செய்த இத்தாலியரான பியெத்ரோ தெல்லா வல்லே, கோயில் முகப்பில் சிறுவர்கள் ஆசிரியரின்றியே மணலில் எழுதி, ஒருவர்க்கொருவர் உதவிக் கணக்குப் பயின்றதை எழுதியுள்ளார். பெல் பிறப்பதற்கு 130 ஆண்டு முந்தைய செய்தி இது! 1823-இல் பெல்லாரி ஜில்லாக் கலெக்டராக இருந்த கேம்பெல்லும், முன்னேறிய மாணவர் பின்தங்கியவர்க்குக் கற்பிக்கும் நம் நாட்டுப் பள்ளி வழக்கத்தைப் பாராட்டி, அதை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்று அறிக்கை அனுப்பினார். சட்டாம்பிள்ளை நம் திண்ணையில் நெடுங்காலம் இருந்தவன். பெல் அவனுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தார் என்பதே நடுநிலையான முடிவு.

இம்முறைக்குக் குறையும் உண்டு. மலிவான கல்வி என்பதற்காகவே பலர் இதை விரும்பினர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியரிடம் விட்டபோது, படிப்பு வெறும் ஒப்பித்தலாயிற்று. 1846-இல் இங்கிலாந்து வேறு ஏற்பாட்டுக்கு மாறியது.

எழும்பூர்ப் பிள்ளைகள் 1870-களின் தொடக்கத்தில் உதகைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ஹென்றி லாரன்ஸ் நினைவாக 1858-இல் அமைந்த படைவீரர் பிள்ளைகளின் பள்ளியோடு சேர்க்கப்பட்டனர். 1949-இல் அது படைத்துறையை விட்டு நம் நாட்டுக் கல்வித் துறையின்கீழ் வந்தது. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி என்று நாம் அறிவது அதுவே. பழைய கோட்டை இருந்த இடத்தில் 1908 முதல் எழும்பூர் ரயில் நிலையம் நிற்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அங்கே இறங்கியவன் நான். ஒரு நாளும் இதை அறிந்தேனில்லை.

தாராவிச் சிறுமி

ஞாயிறுதோறும் தாராவியில் நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். ஒருநாள் பின்னக் கூட்டலை மூன்று முறை கரும்பலகையில் விளக்கியும் ஒருவருக்கும் புரியவில்லை. 'பிள்ளைகள் மந்தம்' என்று மனத்துக்குள் முடிவு கட்டினேன். அப்போது ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அண்ணே, நான் சொல்றேன்" என்றாள். அவள் தாய் இட்லி சுட்டு விற்பவர். "அரைத் தட்டையும் கால் தட்டையும் எப்படிடா கூட்டுவே? எல்லாத்தையும் காலா வெட்டு, அப்புறம் எண்ணு" என்றாள். அவ்வளவுதான், வகுப்பே விடையைக் கூவிற்று. மந்தம் யாரிடம் இருந்தது என்று எனக்கு விளங்கியது. நடவாத காரியம் என்ற அந்த எழும்பூர் உபாத்தியாயர் என்னுள்ளேயே உட்கார்ந்திருந்தார்!

நேற்றுத்தான் கற்றவனுக்கு, எது கடினம் என்பது இன்னும் மறக்கவில்லை. நமக்கோ மறந்துவிட்டது. அதற்காக எல்லாவற்றையும் அச்சிறுமியின் தோளில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்குவதும் முறையன்று. மலிவைத் தேடியவர் செய்த பிழை அதுவே. அவளுக்கு மேலும் கற்றுக்கொடுக்க நாம் உடனிருக்க வேண்டும்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நண்பர்களே, ஞாயிறன்று இரண்டு மணி நேரம் வாருங்கள். கற்பிக்க மட்டுமல்ல, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதைக் கேட்கவும் வாருங்கள்.