அறநெறி வகுப்பும் எங்கள் பிள்ளைகளும்

பிள்ளைகளுக்குச் சமய அறிவை ஊட்டுவது பெற்றோரினதும் ஆலயத்தினதும் தலையாய கடமை என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ஆயினும் அக்கடமையை எவ்வாறு செய்வது என்பதிலேயே நாம் கூடுதலாகச் சிந்திக்க வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

அரச சேவையில் பல வருடங்கள் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவன் என்ற முறையில், பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பது எனது பழக்கம். எமது அறநெறி வகுப்பின் வரவுப் பதிவேடும் ஒரு செய்தியைச் சொல்கின்றது. சிறிய வகுப்புகளில் நிறைந்து காணப்படும் பெயர்கள் தரம் எட்டு, ஒன்பதில் குறைந்துவிடுகின்றன. ஆனால் நவராத்திரி, சூரன்போர், திருவெம்பாவை நாட்கள் நெருங்கும்போது அதே பிள்ளைகள் திரும்பி வருகின்றார்கள். அந்நாட்களில் அவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கின்றது. மற்றைய நாட்களில் பாயில் இருந்து கேட்பது மட்டுமே. பிள்ளைகளுக்குச் சமயம் கசக்கவில்லை. சும்மா இருப்பதுதான் கசக்கின்றது.

நாவலர் காட்டிய வழி

1847 டிசெம்பர் 31இல் வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர், 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகள் படிப்படியாகக் கற்கும் வண்ணம் பாலபாடங்களை எழுதினார். செய்யுளாக இருந்த பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கித் தந்தார். கற்பவருக்கு எது விளங்குமோ அந்த வடிவிலே கொடுக்க வேண்டும் என்பதே அவர் எமக்குக் காட்டிய வழி.

நாம் செய்யத்தக்கவை

1. கதையை நடிக்க விடுதல்: கண்ணப்ப நாயனார் கதையை வாசித்து முடித்துவிடாமல், ஒரு பிள்ளை திண்ணனாராகவும் மற்றொரு பிள்ளை சிவகோசரியாராகவும் நடிக்கட்டும். பின்னர், விதிப்படி பூசை செய்தவரின் அன்பு, இறைச்சி படைத்தவரின் அன்பு என இரு பக்கமாகப் பிரிந்து வாதாடட்டும். அவ்வாறு வாதாடிய பிள்ளை அக்கதையை ஆயுளுக்கும் மறவாது.

2. விளையாட்டு: வட்டமாக இருந்து பந்தை எறிய வேண்டும். பிடிப்பவர் ஒரு நாயன்மாரின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன பெயரைத் திரும்பச் சொல்லக்கூடாது. அறுபத்து மூவரின் பெயர்களும் சில வாரங்களில் மனனமாகிவிடும். ஒன்றரை மணித்தியால வகுப்பாயின் கடைசி இருபது நிமிடத்தை வெளி வீதியிலே கிளித்தட்டுக்கு ஒதுக்குவதில் தவறில்லை.

3. பண்ணிசை: வெள்ளிக்கிழமைப் பூசையில் பஞ்சபுராணம் பாடும் வாய்ப்பைப் பிள்ளைகளுக்கு முறைவைத்துக் கொடுக்க வேண்டும். கூச்சமுள்ளவர்கள் இருவராகப் பாடலாம். பிழைவிட்டால் அவ்விடத்திலே திருத்தாது, பூசை முடிந்தபின் தனியே அழைத்துச் சொல்லுங்கள். சபையில் வெட்கப்பட்ட பிள்ளை மறுமுறை வராது.

4. பொறுப்பு: தரம் எட்டுக்கு மேற்பட்டவர்களை மாணாக்கராக மட்டும் வைத்திருக்கக் கூடாது. சிறியவர்களுக்குக் கதை சொல்லுதல், வரவுப் பதிவேடு எழுதுதல், மாலை கட்டுதல், தோரணம் பின்னுதல், திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் எடுத்துச் செல்லுதல் என்பவற்றை அவர்களிடம் ஒப்படையுங்கள். அப்பர் சுவாமிகள் பாடியதோடு நிற்கவில்லை. உழவாரப்படையைக் கையிலேந்தி வீதியையும் செப்பனிட்டார். அவரைப் பற்றிய பாடம் நடக்கும் நாளில் பிள்ளைகள் கையிலும் விளக்குமாறு இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுச் செல்வதோடு எமது கடமை முடிந்துவிடாது. வீடு வந்ததும் "இண்டைக்கு என்ன கதை சொன்னவை?" என்று கேளுங்கள். கைத்தொலைபேசியை வைத்துவிட்டு, பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். ரியூசனுக்கு நேரம் ஒதுக்கும் நாம், கிழமையில் ஒன்றரை மணித்தியாலத்தை இதற்கும் ஒதுக்கலாம்.

இன்று ஆலயப் பணிகளை முன்னின்று செய்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். இளைஞர்கள் பலர் வெளிநாடு சென்றுவிட்டனர். நாளை சுவாமி தூக்கவும், மடைப்பள்ளியில் உதவவும், கணக்கு எழுதவும் போகின்றவர்கள் இன்று வீதியிலே ஓடி விளையாடும் இச்சிறார்களே. ஆலயம் தங்களுடையது என்ற எண்ணம் அவர்களுக்கு இந்த வயதிலேயே ஏற்பட வேண்டும். அதற்கு எல்லாம்வல்ல இறைவனின் திருவருள் துணை நிற்பதாக.