சத்தம் வராவிட்டால்தான் ஆபத்து

மீன் உருண்டை சாப்பிடும்போது நண்பனுக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டது. பலமாக இருமுகிறானா? நல்லது, காற்று இன்னும் போய்வருகிறது, இருமவிடுங்கள். பேச்சும் இருமலும் வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டால், மூச்சுக்குழாய் முழுவதும் அடைபட்டிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் மூளை சில நிமிடங்களே தாங்கும். ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும் (சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999). மற்றவர் உடனே உதவ வேண்டும்.

புதிதாகக் காற்று உள்ளே போகாதபோது, அடைப்பை எது வெளியே தள்ளும்? சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் பெரியவர்களின் நுரையீரலில் சுமார் 2 லிட்டர் காற்று தங்கியிருக்கும். முதுகில் பலமாகத் தட்டியும் பயனில்லையென்றால், பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்நோக்கி மேலாக வெடுக்கென அழுத்துவார்கள். உதரவிதானம் உயரும், நுரையீரலின் கொள்ளளவு குறைய, காற்றழுத்தம் கூடும். பாயில் விதிதான்! அந்த அழுத்தமே அடைப்பை வெளியேற்றுகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக் 1974-இல் வெளியிட்ட முறை இது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றில் அழுத்தக்கூடாது. விளையாட்டுக்காக நண்பர்மீது செய்து பார்க்கவும் வேண்டாம், உள்ளுறுப்புகள் காயப்படலாம். நினைவிழந்து சரிந்தால், தரையில் படுக்கவைத்து சிபிஆர் தொடங்க வேண்டும்.