வெயிலைத் தைத்து வைப்போம்
இந்த மாதப் பாடம்: பெட்டியில் கிடக்கும் துணியில் ஒரு வெப்பநிலை விரிப்பு



நம் எல்லார் வீட்டிலும் ஒரு துணி மூட்டை இருக்கும். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று போன இடத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ஜாக்கெட் பிட்டுகள் அதில் கிடக்கும். எந்தப் புடவைக்கும் பொருந்தாது, தூக்கிப் போடவும் மனசு வராது. தையல் மெஷின் வைத்திருக்கும் உறுப்பினர் வீட்டில் லைனிங் துணி மீதியும் வெட்டுத் துண்டும் சாக்கில் கட்டிக் கிடக்கும். இந்த மாதம் அந்த மூட்டையைப் பிரிப்போம்.

வெப்பநிலை விரிப்பு என்றால் என்ன?

ஒரு நாளைக்கு ஒரு துண்டுத் துணி. அன்றைக்கு எவ்வளவு வெயில் அடித்ததோ அதற்கு ஏற்ற நிறம். குளிர்ந்த நாளுக்கு நீலம், கொதித்த நாளுக்குச் சிவப்பு. வருடம் முடியும்போது 365 துண்டும் சேர்ந்து ஒரு ஒட்டுத்துணி விரிப்பாகிவிடும். அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் பல பெண்கள் இப்படித் தைக்கிறார்கள். சிலர் குழந்தை பிறந்த வருடத்தை எடுத்துத் தைத்து, அந்தக் குழந்தைக்கே கொடுக்கிறார்கள்.

அளவுகோலை நம் ஊருக்குப் போடுவோம்

அங்கே பனியும் உண்டு, வெயிலும் உண்டு. அதனால் 5 டிகிரிக்கு ஒரு நிறம் வைத்தாலும் பல நிறம் வந்துவிடும். நம் உள்மாவட்டச் சமவெளியில் வருடத்தின் பெரும்பாலான நாட்களில் பகல் வெப்பம் 30-க்கும் 38-க்கும் நடுவில்தான் நிற்கிறது. 5 டிகிரிக்கு ஒரு நிறம் வைத்தால் விரிப்பு முழுக்க இரண்டே நிறம் வரும். சித்திரைக்கும் ஐப்பசிக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே 2 டிகிரிக்கு ஒரு நிறம் வைப்போம்:

28-க்குக் கீழ் – கருநீலம்
28 முதல் 29.9 – வெளிர்நீலம்
30 முதல் 31.9 – பச்சை
32 முதல் 33.9 – வெளிர்மஞ்சள்
34 முதல் 35.9 – அடர்மஞ்சள்
36 முதல் 37.9 – ஆரஞ்சு
38 முதல் 39.9 – சிவப்பு
40-ம் அதற்கு மேலும் – அரக்கு

இது செல்சியஸ் கணக்கு. பத்திரிகையில் "வெயில் சதமடித்தது" என்று போடுவது பாரன்ஹீட் கணக்கு. 100 பாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ், 104 என்பது 40. இரண்டையும் கலந்துவிடக் கூடாது. அளவு எடுக்கும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். பக்கத்து நகரத்து வானிலை நிலையத்தின் அன்றைய அதிகபட்ச வெப்பநிலையை வருடம் முழுக்க அங்கிருந்தே எடுப்போம். மலை ஊர்ச் சகோதரிகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்றபடி இறக்கிப் போட வேண்டும்.

முதலில் கணக்கு, பிறகு கத்தரி

சேமிப்பு எவ்வளவு என்று பார்க்காமல் குழு கடன் கொடுக்குமா? துணியும் அப்படித்தான். கடந்த வருடத்தின் தினசரி வெப்பநிலை கைப்பேசியில் கிடைக்கும். படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் எடுத்துத் தருவார்கள். எந்த நிறத்தில் எத்தனை நாள் என்று கோடு போட்டு எண்ணிக்கொள்வோம். இந்த வருடமும் ஏறக்குறைய அதே போக்கில் இருக்கும் என்று வைத்து, பத்துத் துண்டு கூடுதலாக ஒதுக்குவோம்.

ஒரு துண்டை இரண்டரை இன்ச் அகலம், நாலரை இன்ச் உயரத்துக்கு வெட்டுவோம். சுற்றிலும் கால் இன்ச் தையலில் போய்விடும். 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் பிட் ஒன்றில் 80 துண்டு தாராளமாக வரும். அப்படியானால் முழு விரிப்புக்கும் ஐந்து பிட் அளவுத் துணி போதும். ஆனால் எல்லா நிறமும் சம அளவில் தேவைப்படாது. அடர்மஞ்சள் நாள் 90 வந்தால் ஒரு பிட் பத்தாது. கருநீலம் பத்தே நாள் என்றால் கையளவு வெட்டு மீதி போதும். எந்தத் துணி மூட்டையில் அதிகம் இருக்கிறதோ, அதை அதிக நாள் வரும் அளவுக்குக் கொடுங்கள். உங்களிடம் மஞ்சள் குறைவு, ரோஸ் அதிகம் என்றால் மஞ்சளுக்குப் பதில் ரோஸ் வைத்தால் என்ன? குளிர் நிறத்திலிருந்து சூட்டு நிறத்துக்குப் படிப்படியாகப் போனால் சரி.

மூட்டையிலிருந்து எதை எடுப்பது?

1. பருத்தியை மட்டும் எடுங்கள். சந்தேகம் என்றால் ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

2. வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் ஒருமுறை அலசிக் காயப்போடுங்கள். சுருங்குவது முன்பே சுருங்கட்டும்.

3. சாயம் போகிறதா என்று பாருங்கள். ஈரத்துணி மேல் வெள்ளைத் துணி வைத்துத் தேய்ப்புப் பெட்டியால் அழுத்தினால் தெரிந்துவிடும். ஒரு சிவப்புத் துண்டு சாயம் விட்டால் பக்கத்து வெளிர்நீலமெல்லாம் கெட்டுவிடும்.

4. பழைய புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரியும் இடத்தை விட்டுவிட்டு, உழைக்காத பகுதியை வெட்டுங்கள். மெல்லிய வாயிலையும் முரட்டுத் துணியையும் அடுத்தடுத்து வைத்தால் தையல் விடும்.

5. நிறங்களை வரிசையாக வைத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள். பூப்போட்ட துணியில் தூரத்திலிருந்து எந்த நிறம் தெரிகிறதோ அதுதான் அதன் நிறம்.

தைப்பது எப்படி?

ஒரு மாதத்துக்கு ஒரு வரிசை. மொத்தம் பன்னிரண்டு வரிசை. 31 நாள் இல்லாத மாதத்தின் கடைசியில் வெள்ளைத் துண்டு வையுங்கள். சாதாரண வருடத்துக்கு ஏழு வெள்ளை வரும். முடிந்த விரிப்பு 62 இன்ச் அகலம், 48 இன்ச் உயரம் இருக்கும். நம் ஊர்ச் சூட்டுக்குப் பஞ்சு வேண்டாம். நடுவில் ஒரு பழைய பருத்திப் புடவை, அடியில் பழைய வேட்டி வைத்து ஓட்டுத் தையல் போட்டால் போதும். ஓரத்துக்குப் பட்டி அடியுங்கள். வாரத்துக்கு ஏழே துண்டுதான், வாரக் கூட்டத்தில் பேசிக்கொண்டே சேர்த்துவிடலாம். துணி வாங்க என்று குழுவில் கடன் எழுதாதீர்கள். இருப்பதில் செய்வதுதான் இந்தப் பாடம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீங்க

"இந்த வருசம் வெயில் ஜாஸ்தி" என்று வருடா வருடம் சொல்கிறோம். எவ்வளவு ஜாஸ்தி, எத்தனை நாள் என்று கேட்டால் பதில் இல்லை. இந்த விரிப்பில் சிவப்பையும் அரக்கையும் எண்ணினால் பதில் கிடைத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் எண்ணலாம். வானிலை நிலையம் அளப்பது நிழலில் உள்ள காற்றின் வெப்பம் என்பதையும் மறக்க வேண்டாம். களை எடுக்கும் காட்டிலும் செங்கல் சூளையிலும் நம் உடம்பு தாங்குவது அதைவிடக் கூடுதல்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெள்ளத்தையும் புயலையும் போல வெயிலும் உயிரை எடுக்கும் என்பதால்தான் அந்த அறிவிப்பு. சிவப்புத் துண்டுகள் எந்த மாதத்தில் தொடங்குகின்றன என்று தெரிந்தால், அந்த மாதம் வேலையை விடியலில் தொடங்கி உச்சி வெயிலுக்குள் முடிக்க வேண்டும் என்று வேலை கொடுப்பவரிடம் கேட்கலாம். நிழலும் குடிதண்ணீரும் வேண்டும் என்று கிராம சபையில் பேசலாம். பேசும்போது விரிப்பை நாலு பேர் பிடித்து விரித்துக் காட்டினால் யாரும் மறுக்க முடியாது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் யாரிடம் எந்த நிறத் துணி, எவ்வளவு இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா?
2. தினமும் வெப்பநிலையைக் குறித்து வைக்கும் பொறுப்பை யார் எடுப்பது?
3. கடந்த கோடையில் வெயிலால் நம்மில் எத்தனை பேருக்கு மயக்கமோ காய்ச்சலோ வந்தது? அந்த நாட்களில் எத்தனை மணி வரை வேலை செய்தோம்?
4. சிவப்பு நாட்களில் வேலை நேரத்தை மாற்ற நாம் யாரிடம் பேச வேண்டும்?