யூதத் தெருவில் ஒரு சத்தியாகிரகம்



கொச்சிக்கு டூர் போகும் நம்ம பசங்க மட்டாஞ்சேரி யூதக் கோயிலுக்கும் போவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகளைப் பார்த்து "சூப்பர்டா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். 1568-ல் கட்டிய அந்தக் கோயிலுக்குள்ளேயே பெஞ்சில் உட்காரும் உரிமை இல்லாத யூதர்களும் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

ஏறத்தாழ கி.பி. 1000-ல் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு கொடுத்தான். எழுத்து நம்ம வட்டெழுத்து. பல்லக்கு, குடை, பகல் விளக்கு என்று 72 உரிமைகள்! வந்தவர்களுக்கு அரசன் இத்தனை மரியாதை கொடுத்தான். ஆனால் வந்தவர்களே தங்களுக்குள் கோடு போட்டுக்கொண்டார்கள். முன்பே இருந்தவர்கள் மலபார் யூதர்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து வந்து சேர்ந்தவர்கள் பரதேசி யூதர்கள். இவர்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததிக்கு 'மெஷுக்ரார்' என்று பெயர்.

இவர்களும் அதே வேதம், அதே ஓய்வுநாள், அதே நோன்பு என்றுதான் வாழ்ந்தார்கள். ஆனால் பரதேசிக் கோயிலில் பெஞ்சு கிடையாது. தரையிலோ முன்னறையிலோதான் இடம். தோரா வாசிக்க மற்றவர்களைப் போல் அழைக்க மாட்டார்கள். பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. செத்தாலும் தனி இடம்தான். இதைப் படிக்கிறபோது நம்ம கரிசல்காட்டு டீக்கடை ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கழுகுமலையில் 1895-ல் தேர்வீதித் தகராறு உயிர்ப்பலியில்தானே முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மதச் சட்டம் இவர்கள் பக்கம்தான் இருந்தது. விடுதலை செய்து முறைப்படி மதத்தில் சேர்த்துவிட்டால் அவர் முழு யூதர், மணஉறவுக்கும் தடையில்லை என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவிலிருந்து டேவிட் பென் சிம்ரா என்ற பெரிய சட்ட அறிஞர் தீர்ப்பு எழுதி அனுப்பினார். ஏட்டில் இருந்த தீர்ப்பு தெருவுக்கு வரவில்லை!

அதைத் தெருவுக்குக் கொண்டுவரப் போராடியவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967). 'சேலம்' என்றதும் மாம்பழம் விளையும் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள், அது அவர் பெயர். விதவைத் தாய் வளர்த்த பிள்ளை. நம்ம சென்னைக்கு வந்து படித்துப் பட்டம் வாங்கி, வக்கீலானார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார், தொழிற்சங்கம் கட்டினார், 1929-ல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்கும் போய்வந்தார். சட்டசபையில் உட்கார்ந்த மனுஷனுக்குக் கோயிலில் உட்கார இடமில்லை, யோசித்துப் பாருங்கள்!

அவர் கல்லெறியவில்லை, வேறு கோயிலும் கட்டவில்லை. (தனியாகப் பிரிந்துபோவதை அவருடைய முன்னோர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே முயன்று பார்த்தாயிற்று. நிலைக்கவில்லை.) காந்தியடிகளின் வழியைப் பிடித்தார். சில காலம் கோயிலுக்கே போகாமல் எதிர்ப்புக் காட்டினார். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், உட்காரக்கூடாது என்ற இடத்தில் பேசாமல் உட்கார்ந்தார். வைக்கம் சத்தியாகிரகமும் (1924-25) அதே மலையாள மண்ணில்தான் நடந்தது. 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. முதலில் பெஞ்சு, அப்புறம் தோரா என்று ஒவ்வொன்றாகத்தான் விட்டுக்கொடுத்தார்கள். கடைசிப் பூட்டு கல்யாணம். 1950-ல் அவருடைய மகனும் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணும் திருமணம் செய்துகொண்டார்கள், ஆனால் கொச்சியில் அல்ல, பம்பாயில். ஊரில் எதிர்ப்பு அப்படி.

1950-களில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுக்காகப் பேச 1953-ல் சேலமே அங்கே போனார். பேசி முடித்துக் கொச்சிக்கே திரும்பினார். 1968-ல் கோயிலின் 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அதைப் பார்க்க சேலம் இல்லை. இப்போது அந்தத் தெருவில் பரதேசி யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெருவுக்கு மட்டும் ஏ.பி. சேலம் சாலை என்று பெயர். அடுத்த டூரில் போகிறவர்கள் சனிக்கிழமை போய் ஏமாறாதீர்கள், அன்று பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது.