முழங்காலும் சைக்கிள் சீட்டும்



ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை மில் வேலைக்காகவும் சந்தைக்காகவும் சைக்கிளில் மிதித்தே கடந்தவர்கள் இரண்டு ஊர்களிலும் அநேகர் உண்டு. பிறகு மொபெட் வந்தது. சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்தது. இப்போது அறுபது வயதில், சர்க்கரைக்காகவோ எடைக்காகவோ டாக்டர் சொன்னதன்பேரில், அதைத் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடியும் எடுக்கிறார்கள். இரண்டே வாரத்தில் முழங்கால் சில்லைச் சுற்றி வலி. "வயசாகிவிட்டது, இனி நமக்கு ஆகாது" என்று நிறுத்திவிடுகிறார்கள். அதோடு இருந்த ஒரே உடற்பயிற்சியும் போய்விடுகிறது. இதைக் குறித்து இம்முறை நாம் சற்றுக் கவனிப்போம்.

சைக்கிள் முழங்காலுக்குப் பகை அல்ல. உடல் பாரத்தைச் சீட் தாங்குவதால், சமதரையில் நிதானமாக மிதிக்கும்போது மூட்டின்மேல் விழும் சுமை நடக்கும்போது விழுவதைவிடக் குறைவு. மூட்டிலுள்ள குருத்தெலும்புக்குத் தனியே இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்தே அது போஷிக்கப்படுகிறது. கால் மடங்கி நீளும்போதுதான் அந்தப் போஷிப்பு நன்றாக நடக்கிறது. வலிக்குப் பயந்து அசையாமல் உட்காருவது மூட்டைப் பட்டினி போடுவதாகும்.

பின் கோளாறு எங்கே? பெரும்பாலும் சீட்டில். உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் முழுவதும் பதிய வேண்டுமென்று சீட்டை அடிமட்டம்வரை இறக்கிவிடுவது நம் பக்கத்து வழக்கம். அப்போது பெடல் மேலே வரும்போதெல்லாம் முழங்கால் அளவுக்குமேல் மடங்குகிறது. மடங்கிய நிலையிலேயே அழுத்தியும் மிதிக்கிறோம். சில்லு தொடையெலும்போடு அழுந்துகிறது. இருபது வயதில் தொடைத் தசையின் பலம் அதைத் தாங்கியது.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க டேப் வேண்டியதில்லை. ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் அமர்ந்து, அடிமட்டத்திலுள்ள பெடலின்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிக்க வேண்டும். அப்போது முழங்காலில் இலேசான மடிப்பு மிஞ்சும். முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம் அதிகம் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஒரேயடியாக உயர்த்தாமல் சில நாட்களுக்கு ஒருமுறை அரை விரற்கடை உயர்த்தினால் போதும். சீட் தண்டு குழாய்க்குள் 2½ அங்குலமாவது இருக்கட்டும்.

"சீட்டை ஏற்றினால் விழுந்துவிடுவேனே" என்பார்கள். இந்தப் பயம் மதியீனமல்ல. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிவது முழங்கால் வலியைவிடப் பொல்லாதது. ஆகவே நிறுத்தும் விதத்தைப் புதிதாகக் கற்க வேண்டும். பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும், சீட்டைவிட்டு முன்னால் நழுவி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பது. காலியான மைதானத்தில் பழகிய பின்பே ரோட்டுக்கு வாருங்கள். குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளில் இது எளிது. ஆண்கள் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

வளர்ந்தபின் இதெல்லாம் வருமா என்று கேட்போர் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளலாம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்கத் தொடங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் பழகியவர்கள் பலர். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அன்று 25 வயதாயிருந்தவர்கள் இன்று அறுபதை ஒட்டி நிற்கிறார்கள். நாம் பேசும் இந்த வலி அவர்களுக்கும் உரியதே.

அடுத்தது அவசரம். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்கள் பலப்பட மாதக்கணக்காகும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தோன்றும் நாள்தான் ஆபத்தான நாள். முதலில் 15 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள், சமதரையில் போதும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று வீசும்போது, இராஜபாளையம் நோக்கிக் கியர் இல்லாத சைக்கிளை மிதிப்பது முழங்காலுக்கு மேடேறுவதற்குச் சமம். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கேரியரில் அரிசி மூட்டையும் பேரப்பிள்ளையும் இப்போதைக்கு வேண்டாம்.

தொடைத் தசைக்கு ஒரு பயிற்சி: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டியபடியே ஒரு சாண் உயர்த்தி, 5 எண்ணும்வரை நிறுத்தி இறக்கவும். காலையும் மாலையும் காலுக்குப் பத்து முறை. ஜெபத்துக்கு முழங்கால்படியிட முடியவில்லையே என்று வருந்துகிறவர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

முழங்கால் வீங்கினாலும், சூடாக இருந்தாலும், திடீரென்று பூட்டிக்கொண்டாலும், நடக்கையில் மடிந்து விட்டாலும், இரவில் தூங்கவிடாமல் வலித்தாலும் சைக்கிளை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டாம். சர்க்கரையுள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு அது கேடு. நெஞ்சுவலி உள்ளவர்களும் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் முதலில் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சீட்டின் நட்டைத் தளர்த்தட்டும்.